பேர் கொடுக்கிற சனிக்கிழமை

இது நடந்தது தொண்ணூற்றேழிலா தொண்ணூற்றெட்டிலா என்பதில் சந்தேகம் இருக்கிறது. கீழக்கோட்டகத்தில் கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். மழை தள்ளிப் பெய்து, சம்பா அறுப்பு தள்ளிப்போய், உளுந்து சித்திரை வரைக்கும் வயலில் கிடந்த வருஷம் என்பது மட்டும் நிச்சயம். பாட்டின் வரிகளும் அப்படித்தான். இங்கே எழுதியிருப்பதுதான் அன்று பாடியதா, பிற்பாடு பல பேர் வாயில் புரண்டு வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதற்கும் பெரும்பாலும் அருள்மேரி சொன்னதையே நம்ப வேண்டியிருக்கிறது. அவள் எதையும் சுலபத்தில் நம்பாதவள். அதனால் அவள் சொன்னதை நம்பலாம் போலவும் இருக்கிறது, நம்பக்கூடாது போலவும் இருக்கிறது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து தெற்கே போகும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் கீழக்கோட்டகம். காவிரித் தண்ணீர் வந்து சேர்கிற கடைசி ஊர்களில் ஒன்று. அதைத் தாண்டினால் உப்பு மண்ணும் கடலும்தான். அருள்மேரியின் புருஷன் அடைக்கலராஜ் அங்கே பொதுப்பணித் துறையில் லஸ்கர். உத்தரவு வந்தால் மதகின் ஷட்டரைத் திறப்பதும், உத்தரவு வந்தால் மூடுவதும், எத்தனை மணிக்கு எத்தனை அங்குலம் என்று நோட்டில் எழுதி வைப்பதும் அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். சோற்றில் உப்பு இல்லாவிட்டால்கூட வாய் திறந்து கேட்காமல் கையை நீட்டுவார். ஆனால் பாட்டு எழுதுவார். ஊரிலிருந்த லுத்தரன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம் வாசிப்பதும் அவர்தான். கிறிஸ்துமஸ் பவனிக்கு, வாலிபர் சங்கத்துக்கு, அறுப்பு முடிந்து விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு என்று இருபது வருஷமாக அந்தச் சபை பாடிய புதுப் பாட்டெல்லாம் அவர் கட்டியவை.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு அவர் எழுதியது இப்படித் தொடங்கும்:

மடையத் தொறந்த கை யாரு கை?
மண்ண மிதிச்ச கால் யாரு கால்?
நாத்து முடிய நட்டு நட்டு
நரைச்சுப் போன தலை யாரு தலை?

ஆறு வந்தது அணையத் தாண்டி,
ஆளு வந்தது வெயிலத் தாண்டி,
சோறு வந்தது எதைத் தாண்டி?
சொல்லு தாயி, சொல்லு தாயி.

கதிர்க்கட்டும் பூசணியும் சேவலுமாகக் கோயில் நிறைந்திருந்த அன்று சபையே தலையை ஆட்டிக்கொண்டு பாடியது. ஒரு வாரத்துக்குள், வயல் வேலைக்கு ஆள் கூட்டி வருகிற காளியம்மாளின் ஆட்கள் அதை வயலில் பாடினார்கள். காளியம்மாள் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவள். அவள் வாயில் கோயில் பாட்டு வந்ததில் அருள்மேரிக்குக் கொஞ்சம் பெருமைதான். பாட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அப்போது யாரும் தேடிப் பார்க்கவில்லை.

பங்குனியில் மகள் பிரின்ஸிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை எல்வின் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அவன் அப்பா மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சபையில் உபதேசியார், அதாவது பாதிரியாருக்கு அடுத்தபடியாகச் சபையைக் கவனித்துக்கொள்கிறவர். கம்பெனி எல்வினுக்குக் கொடுத்திருந்த லீவு முப்பத்தைந்து நாள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு சபைகளிலும் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று சபை நடுவில் அறிவிப்பதுதான் ஓலை. பிரின்ஸி காலண்டரில் ஞாயிறுகளை வட்டமிட்டு வைத்திருந்தாள். எல்வின் வந்து இறங்கிய பிறகு வருவது ஐந்து ஞாயிறு. அதில் ஒன்று தவறினால் சமாளிக்கலாம். இரண்டு தவறினால் கடைசி ஓலைக்கும் அவன் கிளம்புவதற்கும் நடுவில் நாள் இருக்காது, கல்யாணம் இல்லை. அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து.

எல்வின் வந்த வாரம் வியாழக்கிழமை ஐயர் அருள்மேரியைக் கூப்பிட்டனுப்பினார். லுத்தரன் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். இவர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சர்க்கரை வியாதிக்காரர், குரல் உயர்த்தாதவர்.

"உக்காருங்கம்மா. இந்த ஞாயிறு ஓலை வேண்டாம். அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்."

"ஏங்கய்யா?"

"உபதேசியார் கடிதம் போட்டிருக்காரு. பொண்ணு வீட்டாரு திருவிருந்துல ஒழுங்காக் கலந்துக்கிறவங்களான்னு கேட்டிருக்காரு. நான் பதில் எழுதணும்."

"எழுதுங்கய்யா. மாசாமாசம் நான்தானே வந்து பேர் குடுக்குறேன்."

ஐயர் மேசையிலிருந்த பதிவேட்டின் மேல் கையை வைத்தார். "ரெண்டு பேர் குடுக்குறீங்க. வர்றது ஒருத்தர்."

அந்தச் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க விரும்புகிறவர்கள் முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டுக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும். அருள்மேரி பிறந்த வீடு கத்தோலிக்கர்கள். கல்யாணத்துக்காக இந்தச் சபைக்கு மாறியவள். மாறி வந்தவள் என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது என்பதால் மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு போய், தன் பேரையும் புருஷன் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவாள். மறுநாள் ஜனங்கள் பந்தி பந்தியாக எழுந்து போய் பீடத்தின் முன்னால் முழங்கால் போடுவார்கள். கடைசிப் பந்தி திரும்பி வரும்வரை பாட்டு நிற்கக்கூடாது. அடைக்கலராஜ் ஆர்மோனியத்தை விட்டு எழுந்திருக்கமாட்டார். எந்தப் பந்தியிலாவது போயிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

"யாருங்கய்யா சொன்னா?"

"யார் சொன்னா என்னம்மா. பொய்யா அது?"

அருள்மேரி பதிவேட்டையே பார்த்தாள். ஐயரே பேசினார். வருகிற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை அடைக்கலராஜ் தானே வந்து பேர் கொடுக்கட்டும். மறுநாள் சபைக்கு முன்னால் முழங்கால் போடட்டும். அன்றைக்கே முதல் ஓலை வாசித்துவிடலாம், கடிதமும் நல்லபடியாகப் போய்விடும் என்றார். அவள் எழுந்த பிறகு இன்னொன்றும் சொன்னார்.

"அந்த அறுப்புப் பாட்ட எடுத்து வச்சுப் பாத்தேன். நல்ல பாட்டு. தேடித் தேடிப் பாத்தேன், ஆண்டவர் பேரு ஒரு எடத்துலயும் இல்ல."

அருள்மேரி வீட்டுக்கு வந்து புருஷனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் தனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவள் அவள். அவர் மதகுக்குப் போன பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்த பாட்டு நோட்டுகளை எடுத்தாள். பழைய தண்ணீர்க் கணக்கு நோட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிய பாட்டுகள். கட்சிக்காரர்கள் யாராவது பின்னால் இருக்கிறார்களா என்று தேடினாள். ஒரு பொம்பளை இருக்கிறாளா என்றும் தேடினாள். இரண்டும் இல்லை. வேறொன்று இருந்தது. முதல் நோட்டில் வரிக்கு வரி கர்த்தர். அடுத்ததில் கர்த்தர் என்று இல்லாமல் 'அவர்' என்று இருந்தது. அதற்கடுத்ததில் வானம், அப்புறம் மழை. கடைசி நோட்டில் கையும் காலும் மண்வெட்டியும்தான். பதினோரு வருஷத்தில் யாரோ வீட்டைவிட்டு ஒவ்வொரு சாமானாக எடுத்துக்கொண்டு காலி செய்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அதே பாட்டுகளைப் பாடிக்கொண்டு, தான் அதைக் கவனிக்கவில்லை என்பதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

மறுநாள் உளுந்து பிடுங்கல். வெயில் ஏறினால் நெற்று வெடித்து உளுந்து மண்ணில் சிதறிவிடும். அதனால் கிழக்கு வெளுக்கும்போதே இறங்கி, பனி ஈரம் இருக்கையில் பிடுங்கிக் குவித்துவிட வேண்டும். குத்தகைக்கு எடுத்த நிலம்தான், மூன்று மா, அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கர். காளியம்மாளும் நாலு பேரும் வந்திருந்தார்கள். குனிந்த முதுகுகளோடு அந்தப் பாட்டும் வரிசையில் நகர்ந்தது. எட்டு மணிக்குக் கரையேறிப் பழைய சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு, சுட்ட கருவாட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அருள்மேரி கேட்டாள், இந்தப் பாட்டை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று.

"ஒன் வீட்டுக்காரருதான். வேற யாரு?" என்றாள் காளியம்மாள். "கோயில்ல பாடுறதுக்கு முன்னாடியே மதகுல வச்சுப் பாடிக் காமிச்சாரு. 'இதப் பாட ஒனக்குக் கூச்சமா இருக்கா காளியம்மா'ன்னாரு. இல்லன்னேன். 'ஏன்'னாரு. 'இதுல ஒங்க சாமியும் இல்ல, எங்க சாமியும் இல்ல, எல்லாம் நம்ம கைதான'ன்னேன். சிரிச்சாரு. அந்த மனுசன் சிரிச்சு நான் அன்னிக்குத்தான் பாத்தேன்."

"எங்கிட்ட பாடிக் காட்டலியே."

"ஒங்கிட்ட காட்டுனா நீ நோண்டி நோண்டிக் கேப்பே" என்று சொல்லிக் காளியம்மாள் கருவாட்டு முள்ளைத் துப்பினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அருள்மேரி சிரிக்கவில்லை. கோயிலுக்கு எழுதிய பாட்டைக் கோயிலுக்கு வராதவளிடம் பாடிச் சரிபார்த்திருக்கிறார் என்று நினைத்தபடி மீதிச் சோற்றை மூடி வைத்தாள்.

யார் சொல்லியிருப்பார்கள் என்பதில் அவளுக்கு இரண்டு நாளிலேயே முடிவு வந்துவிட்டது. ஆர்மோனியத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எடுத்துப் பாடுகிறவள் ஃபெபி. அங்கிருந்து பார்த்தால்தான் அடைக்கலராஜ் எழுந்தாரா இல்லையா என்பது தெரியும். ஃபெபிக்கும் கல்யாண வயதில் ஒரு பெண், டீச்சர் டிரெயினிங் முடித்தவள். எல்வின் வீட்டார் முதலில் அந்தப் பெண்ணைப் பற்றியும் விசாரித்தார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. இவ்வளவு போதாதா.

அருள்மேரி போனபோது ஃபெபி வாசலில் சாக்கை விரித்துப் புளி நசுக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. கல்யாண வேலையெல்லாம் நடக்குதா?"

"கல்யாணத்தக் கெடுக்குற வேலை நடக்குது. யாரு பாக்குறான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஃபெபி கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். விஷயம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு புளியிலிருந்து நாரை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"பதினோரு வருஷமா அந்தப் பெஞ்சுல ஒக்காருறேன்க்கா. சொல்றதா இருந்தா மொத வருஷமே சொல்லியிருப்பேன்."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"பந்திக்கு எழுந்திரிக்கும்போதெல்லாம் கேப்பேன், 'அண்ணே, நீங்க?'ன்னு. 'நீ போயிட்டு வாம்மா, பாட்டு நிக்கக்கூடாது'ம்பாரு. அதுக்கு மேல நான் என்ன கேக்குறது? எம்பொண்ணுக்கு ஷார்ஜா மாப்பிள்ளை வேணும்னா ஆண்டவர்கிட்ட நேரா கேட்டுக்குவேன். அதுக்காக ஐயர்கிட்ட போயி ஒங்க வீட்டுக்காரரக் காட்டிக்குடுக்க மாட்டேன்." சுத்தியலைத் திரும்ப எடுத்தாள். "ஒங்களுக்குத் தெரியாதாக்கா? ஒண்ணா ஒரே வீட்டுலேருந்துதானே கோயிலுக்கு வர்றீங்க."

அருள்மேரி எழுந்து வந்துவிட்டாள். இவ்வளவு பக்குவமாகப் பேசுகிறவள் சொல்லாமல் இருந்திருப்பாளா என்றுதான் வழி நெடுக நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஃபெபி எடுத்துப் பாடியபோது இவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு வேறு மூன்று ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். பிரின்ஸி மடியிலிருந்த கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை அடைக்கலராஜுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவளே மதகுக்குப் போனாள். வாய்க்கால் காய்ந்து வெடித்திருந்தது. கோடையில் தண்ணீர் இல்லாத நாட்களில் ஷட்டரின் திருகுக் கம்பிகளைத் துடைத்து கிரீஸ் தடவ வேண்டும். அவர் கழிவுத் துணியால் மரையின் இடுக்கிலிருந்த பழைய கிரீஸைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மாங்காய்க் குழம்பு. பாதிச் சாப்பாடு வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"ஃபெபிதான் ஐயர்கிட்ட சொல்லியிருக்கா" என்றாள்.

"இல்ல."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

அவள் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் குடிக்க வாங்கிக்கொண்டார்.

நடந்ததை அவர் நாலைந்து வாக்கியத்தில் சொன்னார். ஈஸ்டர் முடிந்த வாரம் ஐயர் சைக்கிளில் மதகுக்கு வந்தார். அறுப்புப் பாட்டைச் சபைப் பத்திரிகையில் போடலாம், ஆண்டவருக்கு நன்றி சொல்லிக் கடைசியில் ஒரு சரணம் மட்டும் சேர்த்துக் கொடுங்கள் என்றார். இவர் முடியாது என்றார். ஏன் என்று ஐயர் கேட்டார், இவர் சொன்னார். அப்போது திருவிருந்தைப் பற்றியும் ஐயர் கேட்டார்.

"கேட்டா சொல்லிடறதா?" என்றாள் அருள்மேரி. "ஒரு கல்யாணம் முடியிற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கக்கூடாதா? வருஷம் பூரா மூடிக்கிட்டுத்தானே இருக்கீங்க."

"பாட்ட கையில வச்சிக்கிட்டுக் கேட்டாரு. அதப் பாத்துக்கிட்டுப் பொய் வரல."

"ஒரு சரணம் எழுதுனா கொறஞ்சா போயிடும்?"

"எழுதுனா காளியம்மா பாடமாட்டா."

"அவ பாடி என்ன ஆவப்போவுது?"

அவர் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். அவள் அறிந்து அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான்.

"தண்ணி வராத வருஷம் ஞாபகமிருக்கா? பிரின்ஸி நாலாவது படிச்சா. ஊர்க் கோயில்ல வருண ஜபம் பண்ணாங்க. பள்ளிவாசல்ல தொழுதாங்க. நம்ம சபையில உபவாசம் இருந்தோம், நான்தான் அதுக்கும் பாட்டு எழுதுனேன். ஒரு நாளு தண்ணி வந்து மதகுல முட்டுது. ஷட்டர் துருவேறிக் கெடக்கு, ஏறல. நானும் எங்கூட லஸ்கரா இருந்த அமிர்தலிங்கமும் கம்பியில தொங்குறோம். கரையில போன காளியம்மா நாத்துக்கட்டப் போட்டுட்டு வந்து அவளும் தொங்குனா. மூணு பேரு தொங்குனப்பறம் ஏறிச்சு. சாயங்காலம் மூணு கூட்டமும் தனித்தனியா வந்து எங்க செபத்துலதான் வந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போச்சு. அமிர்தலிங்கம் உள்ளங்கையில தோலு உரிஞ்சு போயிருந்துச்சு, அத ஒருத்தரும் பாக்கல. நான் அவங்களத் தப்பு சொல்லல மேரி. கும்புடுறவங்க கும்புடட்டும். அதுக்கப்பறம் எனக்குப் பாட்டுல வேற யாரையும் எழுத வரல."

வாய்க்காலில் ஒரு கொக்கு தண்ணீர் இருப்பதுபோல் நடந்து போயிற்று.

"பிரின்ஸிக்காக" என்றாள் அவள். "ஒரே ஒரு தடவ. சனிக்கிழம பேர் குடுத்துட்டு, ஞாயித்துக்கிழம முழங்கால் போட்டுட்டு வந்துடுங்களேன்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "வர்றேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு அது வெறும் அப்பம். வாங்கித் தின்னுட்டு வந்துடுவேன். ஆனா இப்ப நீ கேட்டது மட்டும் பத்தாது. சனிக்கிழம நான் கெளம்பி இருப்பேன். நல்லா யோசிச்சிட்டு நீ வாங்கன்னு சொல்லு, வர்றேன்."

"நான் ஏன் சொல்லணும்?"

"நம்புறவ நீதானே."

அருள்மேரி பாத்திரங்களைக் கழுவாமலே கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

சிறுமியாக இருந்தபோது முதல் நன்மைக்கு, அதாவது கத்தோலிக்கர்கள் முதல் தடவை அப்பம் வாங்குவதற்கு, ஆயத்தம் செய்த கன்னியாஸ்திரி சொன்னது அவளுக்கு அப்படியே மனதில் இருந்தது. விசுவாசம் இல்லாமல் அதை வாங்குகிறவன் தனக்கே தீர்ப்பை வாங்கித் தின்கிறான். இந்தச் சபையிலும் பேர் கொடுக்கிற சனிக்கிழமைதோறும் ஐயர் அதைத்தான் வேறு வார்த்தையில் வாசிப்பார். அடைக்கலராஜுக்கு அது வெறும் அப்பமாக இருக்கலாம். அவளுக்கு அப்படியில்லை. அவரை அழைத்துக்கொண்டு போய் அங்கே முழங்கால் போட வைத்தால், அவர் கையில் அதை வைக்கிறவள் அவள்தான். இது அவருக்குத் தெரியும். இருபத்துநாலு வருஷம் கூட இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் வருகிறேன் என்றாரா? அவள் சொல்லமாட்டாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாரா? இரண்டு இரவும் மூன்று பகலும் அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் அன்பாக இருந்தது. இன்னொரு பக்கம் தந்திரமாக இருந்தது.

ஃபெபி கேட்டதும் கூடவே வந்தது. பீடத்திலிருந்து திரும்பி வரும்போது அவள் எப்போதும் தலையைக் குனிந்தே வருவாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஆர்மோனியம் இருந்த பக்கம் பார்த்ததில்லை. பயபக்தி என்று நினைத்திருந்தாள். இப்போது அதையும் சந்தேகிக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பிரின்ஸி அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டே கேட்டாள். "அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"வர்றேன்னுதானே சொல்லியிருக்காரு. வாங்கன்னு ஒரு வார்த்தை. அதச் சொல்ல ஒனக்கு ரெண்டு நாளா?"

"ஒனக்குப் புரியாது."

"ஒரு துண்டு அப்பம்மா. ஊர்ல பாதிப் பேரு யோசிக்காமத்தான் வாங்குறாங்க."

"அவங்க யோசிக்காம வாங்குறாங்க. ஒங்கப்பா யோசிச்சு முடிச்சிட்டுல்ல வாங்கணும்."

பிரின்ஸி குழவியை நிறுத்தினாள். "அப்ப என் கல்யாணத்த விட அப்பாவோட ஆத்துமா ஒனக்குப் பெருசு. அப்புடி ஒண்ணு தனக்கு இல்லன்னு அவரே சொல்றாரு. நீ எதக் காப்பாத்துறே?"

அருள்மேரி அடுப்பை ஊதினாள். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அடைக்கலராஜ் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையும் வேட்டியும் கட்டிக்கொண்டு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சொன்னபடி கிளம்பி இருந்தார். தலையைக்கூட படிய வாரியிருந்தார். அருள்மேரி முக்காட்டுச் சேலையை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பிரின்ஸி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அருள்மேரி அவர் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைக்காக எதற்கும் துணிந்துவிட்ட முகமா, எதுவும் நடக்காது என்று தெரிந்த முகமா என்று பார்த்தாள். ஷட்டருக்குப் பக்கத்தில் நிற்கும்போது இருக்கிற அதே முகம்தான்.

"நீங்க இருங்க" என்றாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை ஸ்டூல் நகர்த்தும் சத்தம் கேட்கவில்லை.

ஐயர் வீட்டில் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். அவள் முறை வந்தது. ஐயர் தலையைத் தூக்கி அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அருள்மேரி" என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் வைத்திருந்தார்.

"அவ்வளவுதாங்கய்யா."

"அவரு வரலியா?"

"வர்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் கூப்புடல." பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். "இத்தனை வருஷமா நான் குடுத்ததெல்லாம் நானாக் குடுத்த பேரு. அவரு ஒரு தடவகூட குடுன்னு சொல்லல. நானும் கேக்கல."

"அந்தக் கடிதம்?"

"உள்ளத எழுதுங்க."

"கல்யாணம் நின்னு போவலாம்மா."

"தெரியுதுங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போய், மறுநாள் திருவிருந்துக்கான ஆயத்த ஆராதனைக்காகப் போட்டிருந்த பாயில் உட்கார்ந்தாள். ஃபெபியும் அதே பாயில்தான் இருந்தாள். ஃபெபி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

மறுநாள் ஐயர் பிரின்ஸியின் முதல் ஓலையை வாசித்தார். அதை அருள்மேரி எதிர்பார்க்கவில்லை. மனம் இரங்கி வாசித்தாரா, அந்தப் பக்கம் வாசிக்கமாட்டார்கள் என்று தெரிந்து வாசித்தாரா என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கடிதத்தில் உள்ளதை எழுதினார். உபதேசியார் தம் சபையில் ஓலை வாசிக்க விடவில்லை. எல்வின் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து, பஸ் நிற்கும் இடத்தில் பிரின்ஸியிடம் கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனான். லீவு முடிந்து ஷார்ஜாவுக்குப் பறந்தான். அடுத்த லீவில் திருவிடைமருதூரில் பெண் எடுத்தான். அது ஃபெபியின் மகள் இல்லை. ஃபெபியின் மகள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, அங்கேயே வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அருள்மேரி அந்தக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தி பரிமாறினாள். ஃபெபியிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரின்ஸி ஏழு மாதம் அம்மாவோடு பேசவில்லை. அப்பாவோடு பேசினாள். தஞ்சாவூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து மஸ்கட்டுக்குப் போனாள். அங்கே கூட வேலை பார்த்த கேரளத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். ஐயர் மாற்றலாகிப் போய், சில வருஷத்தில் சர்க்கரை முற்றி இறந்தார். காளியம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது, மகன் வீட்டில் இருக்கிறாள்.

அடைக்கலராஜ் ஓய்வு பெறும்வரை லஸ்கராகவே இருந்தார். புதிதாக வந்த ஐயர் கீபோர்டு வாங்கி வாலிபர் ஒருவரை உட்கார வைத்த பிறகு, பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வருவார். அப்புறமும் ஆறேழு பாட்டு எழுதினார். ஒன்றிலும் கடவுள் இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்தார். சபைக் கல்லறையில் புதைத்தார்கள். யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை.

அருள்மேரி இப்போதும் கீழக்கோட்டகத்தில்தான் இருக்கிறாள். அன்றைக்கு வாங்க என்று சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பாரா என்று அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை என்றாள். பதினோரு வருஷம் இருந்தது கேட்பதற்கு. ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "கேட்டா உண்மையச் சொல்லிடுவாரே" என்றாள்.